காகிதப்பூ குச்சி துளிர் விட்டுட்டு காஞ்சு போகுதுங்களா? இலையை விடுங்க, வேரைப் பாப்போம்

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. பக்கத்து ஊட்டு கேட்டு மேல படர்ந்து கெடக்கற ராணி கலர் காகிதப்பூவுல குச்சி வாங்கிட்டு வந்து ஒரே தொட்டியில நாலஞ்சு நட்டாங்களாம், ரெண்டு வாரத்துல எல்லாக் குச்சியும் துளிர் விட்டிருச்சாம், சரி வேர் புடிச்சிருச்சுன்னு மொட்டை மாடி வெயில்ல தூக்கி வெச்சாங்களாம், அடுத்த சில நாள்லயே இலை தொங்கி சுருண்டு குச்சியும் கருத்துப் போச்சாம். காலையிலயும் பொழுதோடயும் தவறாம தண்ணி ஊத்தறேன், எங்க தப்பு நடக்குதுன்னு கேட்டாங்க. இதே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துக்கிட்டே இருக்கறதால சித்த நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க அம்மிணி, துளிர் வந்துட்டா வேர் வந்துருச்சுன்னு அர்த்தமே கெடையாது. முருங்கப் போத்தை வெட்டி செவுத்தோரமா சாத்தி வெச்சாக்கூட கொஞ்ச நாள்ல துளிர் எடுக்குது, அதுக்கு வேரா இருக்குது? குச்சிக்குள்ள செடி ஏற்கனவே சேத்து வெச்ச மாவுச்சத்தும் ஈரமும் இருக்கும், கண்ணு, அதாவது கணுவுல இருக்கற மொட்டு, முழிக்க அது போதும். காகிதப்பூவுல கண்ணு வெரசா முழிச்சுக்கும், வேர் ரொம்ப நிதானமா வரும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நாலஞ்சு வாரத்துலதான் முக்கால்வாசிப் பேரு குச்சியை எழக்கறாங்க. இலை விரிஞ்சதும் தண்ணியை ஆவியா வெளிய விட ஆரம்பிச்சிரும், கீழ இருந்து உறிஞ்சிக் குடுக்க வேர் இல்ல, கையிருப்பு தீந்ததும் இலை தொங்கும். அதைப் பாத்துட்டு நாம தண்ணி பத்தலைன்னு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவோம், அடிவெட்டு மூச்சு முட்டி அழுகிரும். மேல வறட்சி, கீழ அழுகல், ரெண்டும் ஒரே நேரத்துல. அதனால இனிமே பண்ணப்போற வேலை எல்லாமே ஒரே காரியத்துக்குத்தான், வேர் வர்ற வரைக்கும் குச்சியில இருக்கற ஈரம் வெளிய போகாமயும் அடி அழுகாமயும் காப்பாத்தறது.

குச்சி எடுக்கறதுல இருந்தே ஆரம்பிக்கலாம். நுனியில செவப்பா பச்சையா இளசா இருக்கறது வேண்டாம், அது வதங்கித்தான் போகும். அடிமரம் மாதிரி பட்டை வெடிச்சு கெடக்கறதும் வேண்டாம். பென்சில் தடிமன்ல இருந்து சுண்டு விரல் தடிமன் வரைக்கும், பட்டை பச்சையில இருந்து சாம்பல் நெறத்துக்கு மாறிட்டு இருக்கற கிளைதான் வேணும், நகத்துல சுரண்டினா உள்ள பளிச்சுன்னு பச்சை தெரியோணும். பூ நெறஞ்சு நிக்கற கிளையைப் பாத்து ஆசைப்பட்டு வெட்டாதீங்க, அதோட சத்தெல்லாம் பூவுக்குப் போயிருக்கும். பூ முடிஞ்சு சும்மா நிக்கற கிளைதான் நல்லா வரும், வேற வழியில்லாம பூவோட வெட்டினா பூவையும் மொக்கையும் அத்தனையும் கிள்ளிப் போட்டுருங்க.

நீளம் 6 முதல் 8 அங்குலம், அதுல நாலஞ்சு கணு. அடிப்பக்கம் கணுவுக்கு ஒட்டிக் கீழ சாய்வா வெட்டுங்க, மேல்பக்கம் கணுவுக்கு அரை அங்குலம் மேல நேரா வெட்டுங்க. சாய்வா வெட்டறது அடி, நேரா வெட்டறது தலைன்னு ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டா குழப்பம் வராது. குச்சியைத் தலைகீழா நட்டுட்டு ஏன் வரலைன்னு கேக்கறவங்களும் இருக்காங்க, இலையை உருவிட்டா காகிதப்பூ குச்சியில எது மேல எது கீழன்னு சட்டுன்னு புடிபடாது. அப்படி சந்தேகம் வந்தா ஒரு கணுவை கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, இலை இருந்த எடத்துல சின்னதா ஒரு தழும்பு இருக்கும், அதுக்கு ஒட்டி மேல முள்ளு இருக்கும். தழும்பு கீழ, முள்ளு மேல, அவ்வளவுதான். கத்தரி மொக்கையா இருந்தா பட்டை நசுங்கும், நசுங்கின எடத்துலதான் மொதல்ல அழுகல் புடிக்கும், அதனால நல்ல கூரான கத்தரியோ பிளேடோ எடுத்துக்கோங்க. கையில க்ளவுஸ் போட்டுக்கோங்க, முள்ளு கிழிச்சா சில பேருக்கு அரிச்சுக்கிட்டு தடிச்சுப் போகும்.

வெட்டின குச்சியில இலை அத்தனையும் எடுத்துருங்க, இல்லாட்டி நுனியில ரெண்டே ரெண்டு இலையை பாதியா வெட்டி விட்டு வெக்கலாம். கவர் போட்டு மூடற வசதி இல்லைன்னா இலையே வேண்டாம். மேல்வெட்டுல சாணி அப்பறது நம்ம பெரியவங்க பழக்கம், கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் நெலத்துக்கு, கிளுவைக் குச்சி நட்டு வேலி வெக்கறவங்க கிட்ட கேட்டா சொல்லுவாங்க, மேல்வெட்டு வழியா ஈரம் போகாம இருக்க அது நல்ல வழி. சாணி இல்லாட்டி மெழுகுவத்தியை உருக்கி ஒரு சொட்டு வெச்சாலும் ஆச்சு. ஆனா மேல்வெட்டுல மட்டும். அடிவெட்டுல பச்சைச் சாணியைத் தடவாதீங்க, அங்க அது அழுகலுக்கு வழி பண்ணிரும்.

வேர் ஊக்கி போடலாமான்னு கேட்டா, கண்டிப்பா போடுங்க. காகிதப்பூவுக்கு அது போடறதுக்கும் போடாததுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். உரக்கடையில வேர் ஊக்கி பவுடர்னு கேட்டா குடுப்பாங்க, உள்ள இருக்கறது ஐபிஏன்னு ஒரு ஆக்சின், அதாவது வேர் வரத் தூண்டற சரக்கு, செடியோட சொந்த ஹார்மோனுக்கு ஒறவுக்காரன். இளந்தண்டுக்கு ஒண்ணு, கட்டைக் குச்சிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும், நமக்கு வேணுங்கறது கட்டைக் குச்சிக்கு உள்ளது, 2000 முதல் 3000 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்குங்கற அளவு, டப்பா மேல போட்டிருக்கும்) வரைக்கும் இருக்கறது. கொஞ்சத்தை ஒரு மூடியில கொட்டிக்கிட்டு அதுல அடி ஒரு அங்குலத்தைத் தொட்டு எடுத்து ஒரு தட்டு தட்டுங்க, பாக்கெட்டுக்குள்ளயே ஈரக் குச்சியை விட்டா மிச்ச பவுடரும் வீணாப் போகும். எச்சா அப்பினா எச்சா வேர் வராது, பட்டை கருகிரும். மிச்சத்தை நல்லா மூடி ப்ரிட்ஜ்ல வெச்சுருங்க, சூட்டுலயும் வெளிச்சத்துலயும் அது வீரியம் கெட்டுப் போகும், கடை ஜன்னலோரத்துல வெயில் பட்டு கெடந்த பழைய டப்பாவை வாங்காதீங்க. தேன், சமையலுக்குப் போடற பட்டைப்பொடி, கத்தாழைன்னு வீடியோவுல காட்டறாங்க. தேனும் பட்டையும் பூஞ்சை வராம கொஞ்சம் தடுக்கும், அதுக்கு மேல அதுகளை நம்ப வேண்டாம்ங்கறது என்னோட கருத்து. உருளைக்கெழங்குல குச்சியைச் சொருகி நடறது வெறும் வேடிக்கை, கெழங்கு அழுகி குச்சியையும் கூட்டிட்டுப் போகும்.

இனி மண்ணும் தண்ணியும். நம்ம ஊர்ல பாதிக் குச்சி போறது இங்கதான். வேர் வர்ற வரைக்கும் குச்சிக்கு சத்து வேண்டாம், தொழு உரம் வேண்டாம், மண்புழு உரம் வேண்டாம், ஈரமும் காத்தும் மட்டும் போதும். தோட்டத்துல இருந்து கரிசல் மண்ணை அள்ளிட்டு வந்து நட்டா தண்ணி ஊத்தினதும் இறுகி காத்தே போகாது. செம்மண் பரவாயில்ல, அதுவும் தனியா வேண்டாம், ஒரு பங்கு செம்மண்ணுக்கு ரெண்டு பங்கு மணல் போடுங்க. எம்சாண்ட் போடறீங்கன்னா ஒரு பக்கெட்டுல போட்டு தண்ணி தெளியற வரைக்கும் அலசிருங்க, அதுல இருக்கற மாவு மாதிரி தூள் அடியில போய் சிமெண்டாட்டம் அடைச்சுக்கும். இன்னும் நல்லது தேங்கா நார்க்கழிவும் மணலும் சரிபாதி. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் நார் மில்லு இருக்கறதால நமக்கு நார்க்கழிவு சுலபமா கெடைக்குது, ஆனா மில்லுல இருந்து நேரா வர்றதுல உப்பு இருக்கும், அப்படியே போட்டா குச்சி அடி கருத்துரும். ஊற வெச்சு புழிஞ்சு, மறுபடி ஊற வெச்சு புழிஞ்சு, ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்தி அலசினப்பறம் எடுங்க. கையில புடிச்சு இறுக்கினா விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வரோணும், ஒழுகக் கூடாது.

அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பக்கம் போர் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், தொட்டி விளிம்புல வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். வளந்த காகிதப்பூ அந்த உப்பைத் தாங்கிக்கும், அதை வெச்சு குச்சியும் தாங்கும்னு நெனச்சுராதீங்க, வேரில்லாத குச்சிக்கு அது ஆகவே ஆகாது. ஆர்ஓ மிஷின்ல கழிவா வர்ற தண்ணியை மிச்சம் பண்ணறேன்னு குச்சிக்கு ஊத்தறாங்க சில பேரு, அதுல போர் தண்ணியை விட உப்பு எச்சா இருக்கும், வேண்டவே வேண்டாம். அத்திக்கடவு, சிறுவாணி, பவானி தண்ணின்னு குழாயில எது வருதோ அதுல ஒரு கொடம் புடிச்சு மூடாம ஒரு ராத்திரி வெச்சு ஊத்துங்க, மழைத்தண்ணி இருந்தா ரொம்ப விசேசம். நட்டதும் ஒருக்கா நல்லா ஊத்தி வடிய விட்டுட்டா அப்பறம் தெனமும் ரெண்டு வேளை ஊத்தற வேலையே இல்ல, விரலை ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பாருங்க, உள்ள ஈரம் பட்டா அன்னிக்கு தண்ணி கெடையாது. மொதல் தண்ணியில அழுகல் பூஞ்சையை அடக்கற நல்ல நுண்ணுயிர், சூடோமோனாஸோ டிரைக்கோடெர்மா விரிடியோ, கலந்து ஊத்தினா அழுகல் கொறையும்.

எப்ப வெக்கறதுன்னா, சித்திரை வைகாசி வெயில்ல ஆரம்பிக்காதீங்க. நம்ம பக்கத்துக்கு ரெண்டு பருவம் நல்லா ஒத்து வரும். பொங்கல் நோம்பிக்கு ஊடு வாசல் சுத்தம் பண்ணறப்ப வேலியோரம், கேட்டு மேல இருக்கறதை எல்லாம் கழிச்சு விடுவாங்க, அந்தக் கழிச்ச குச்சியே போதும், தையில நட்டா மாசி கடைசிக்குள்ள வேர் கெளம்பிரும். இன்னொண்ணு ஆனி ஆடி. அப்ப வெயில் தாழ்ந்திருக்கும், கோயம்புத்தூர் பொள்ளாச்சிப் பக்கம் சாரலும் இருக்கும், ஆனா காத்து இருக்குது பாருங்க, அது ஒண்ணுதான் பகை. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து அடிக்கற அந்தக் காத்து குச்சியில இருக்கற ஈரத்தை ஒரே நாள்ல உறிஞ்சிரும், உடுமலை பல்லடம் பக்கம் அத்தனை காத்தாலை நிக்கறது அந்தக் காத்தை நம்பித்தானே. அதனால ஆடியில வெச்சீங்கன்னா ஊட்டுக்கு கெழக்கால செவுத்தோரமா வெச்சுக்கோங்க, காத்துக்கு ஊடே மறைப்பாயிரும், காலை வெயில் சித்த நேரம் படும், உச்சி வெயில் படாது. வேப்பமரத்து நெழலும் நல்ல எடம்தான். ஐப்பசி கார்த்திகையில நமக்கு பெரிய மழை, அப்ப வெக்கறதா இருந்தா தாழ்வாரத்துக்குள்ள வையுங்க, மழையில நனைய விட்டா அழுகிரும்.

ஒரே தொட்டியில நாலஞ்சு குச்சி நடாதீங்க. காகிதப்பூ வேர் நூலு மாதிரி மெல்லிசா, தொட்டா ஒடியற மாதிரி இருக்கும், பின்னால பிரிச்சு நடறப்ப ஒண்ணோட வேர் ஒண்ணுல சிக்கி எல்லாம் அறுந்துரும். ஒரு கவருக்கு ஒரு குச்சி. நர்சரி கருப்புக் கவர் சின்ன சைஸ் போதும், அடியில ஓட்டை இருக்கோணும். நான் சொல்றது கேட்டா ஒண்ணு ரெண்டை மட்டும் தண்ணி பாட்டிலை பாதியா வெட்டி, அடியில ஓட்டை போட்டு அதுல நடுங்க, வெளிய கருப்பு காகிதமோ பழைய துணியோ சுத்தி வெச்சுருங்க, வேருக்கு வெளிச்சம் ஆகாது. வாரத்துக்கு ஒருக்கா காகிதத்தைப் பிரிச்சு உள்ள பாத்தா, மத்த கவர்ல எல்லாம் என்ன நடக்குதுன்னு புடுங்கிப் பாக்காமயே தெரிஞ்சுக்கலாம்.

குச்சியை மூணுல ஒரு பங்கு, ரெண்டு கணுவாவது உள்ள போற மாதிரி நடோணும். நேரா குத்தினா தடவின பவுடர் வழிச்சுக்கிட்டு போயிரும், அதனால முதல்ல ஒரு கம்பியில குழி போட்டுட்டு குச்சியை எறக்கி சுத்தியும் விரல்ல அழுத்துங்க. அப்பறம் எல்லாக் கவரையும் ஒரு டப்பாவுல அடுக்கி, மேல பெரிய கண்ணாடிக் கவரைப் போட்டு கூடாரம் மாதிரி கட்டிருங்க, உள்பக்கம் பனி மாதிரி நீர் கோத்து நின்னா ஈரம் சரியா இருக்குதுன்னு அர்த்தம். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா காலையில சித்த நேரம் தெறந்து காத்து விடுங்க. நேர் வெயில் மட்டும் படவே கூடாது, மூடின கவர்ல வெயில் பட்டா உள்ள குச்சி வெந்துரும்.

இப்ப காத்திருக்கற காலம். ரெண்டு மூணு வாரத்துல அடிவெட்டுல வெள்ளையா கரடுமுரடா ஒரு சதை கட்டும், அது வெட்டுக்காயம் ஆறறது, வேர் இல்ல. அதுக்கு அப்பறம்தான் கணுவுக்குப் பக்கத்துல வேர் கெளம்பும். லேசா வர்ற ரகத்துக்கு 4 முதல் 6 வாரம், சிலதுக்கு 8 வாரம், 10 வாரம்கூட ஆகும். நடுவுல துளிர் வரும், சந்தோசப்படுங்க, எடத்தை மாத்தாதீங்க. மொத துளிர் கருகி விழுந்தாலும் குச்சியைத் தூக்கிப் போடாதீங்க, பட்டை பச்சையா இருந்தா மறுபடி கண்ணு முழிக்கும். வேர் வந்ததுக்கு என்ன அடையாளம்னா, மொதல்ல வந்த துளிர் அங்கயே சின்னதா நின்னுட்டு இருந்தது திடீர்னு நீள ஆரம்பிக்கும், இலை பெருசாகும், அதுல புதுசா தண்டு வரும். பாட்டில்ல வெச்சிருந்தா ஓரத்துல வெள்ளை நூல் ஓடறது கண்ணுக்கே தெரியும். அதுக்கப்பறமும் ரெண்டு வாரம் விட்டுட்டு, கூடாரத்தை ஒரேயடியா எடுக்காம தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தெறந்து வெச்சு வெளிக்காத்துக்குப் பழக்குங்க.

தொட்டி மாத்தறப்ப கவரை உரிக்காதீங்க, தட்டாதீங்க. முந்தின நாள் தண்ணி ஊத்தி மண்ணை ஈரமா வெச்சுட்டு, அடியை பிளேடால வட்டமா அறுத்து எடுத்து கவரோட குழியில எறக்கி, அப்பறம் பக்கத்தைக் கீறி மேல உருவி எடுங்க. மண்கட்டி உடையாம எறங்கினா செடி வதங்காது, உடைஞ்சா நல்லா இருந்த செடிகூட அன்னிக்கு சாயந்தரமே படுத்துரும். மாத்தி ஒரு வாரம் நெழல்ல வெச்சுட்டு அப்பறம் வெயிலுக்குக் கொண்டு போங்க.

ரகத்தைப் பத்தியும் சொல்லோணும். நீங்க கேட்ட ராணி கலர் லேசுல வேர் புடிக்கும், புதுசா பண்றவங்க அதுல ஆரம்பிக்கறதுதான் நல்லது. ஒரே செடியில வெள்ளையும் ராணி கலரும் வர்ற மேரி பால்மர், அதுலயே இலையும் ரெண்டு நெறமா இருக்கற திம்மா, அடுக்கு அடுக்கா இருக்கற ரகங்கள் எல்லாம் பிடிவாதக்காரங்க, குச்சியில நட்டா நெறய போகும். அதுகளுக்கு பதியன் போடுங்க. தரையோட படர்ற கிளை இருந்தா அடிப்பக்கம் பட்டையை ரெண்டு அங்குலம் லேசா சீவி, பவுடர் தொட்டு, மண்ணுக்குள்ள பொதைச்சு மேல ஒரு கல்லைத் தூக்கி வெச்சுருங்க, தாய்ச்செடி சோறு போட்டுக்கிட்டே இருக்கறதால கருகற பேச்சே இல்ல. கிளை ஒசரத்துல இருந்தா விண்பதியன், ஒரு அங்குல அகலத்துக்கு பட்டையை மோதிரம் மாதிரி உரிச்சு, உள்ள வழவழன்னு இருக்கற படலத்தையும் சுரண்டி எடுத்துட்டு, ஈர நார்க்கழிவை வெச்சு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரெண்டு பக்கமும் கட்டிருங்க. அந்தப் படலத்தைச் சுரண்டாம விட்டா பட்டை மறுபடி ஒட்டிக்கும், வேர் வராது. கவர் வழியா வேர் தெரியற வரைக்கும் ரெண்டு மாசம் காத்திருந்து அதுக்குக் கீழ வெட்டி எடுத்துக்கலாம். நர்சரியில ஒரே செடியில நாலு கலர்னு விக்கறது ஒட்டுச்செடி, அதுல எந்தக் கிளையில குச்சி எடுக்கறீங்களோ அந்த ஒரு கலர்தான் வரும். மேரி பால்மர்ல எடுத்தா ரெண்டு கலரும் பூத்த கிளையாப் பாத்து எடுங்க.

விதை போட்டு வளக்கலாமான்னு சில பேரு கேக்கறாங்க. நாம பூன்னு பாக்கற கலர் காகிதம் உண்மையில இலைதான், நடுவுல மூணு இத்தினியூண்டு வெள்ளைக் குழல் நிக்குது பாருங்க, அதுதான் பூ. நம்ம ஊட்டுல வளக்கற கலப்பு ரகங்கள்ல விதை அபூர்வமாத்தான் புடிக்கும், புடிச்சாலும் தாயோட கலர் வராது. அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதோட குடும்பம்தான், ஆனா காகிதப்பூவுக்குப் பொறந்த எடம் தென் அமெரிக்கா. 1767-ல பிரெஞ்சுக் கப்பல்ல வந்த காமர்சன்ங்கற தாவரவியல் ஆளு பிரேசில்ல ரியோ பக்கம் இதை எடுத்து, கப்பல் தலைவர் போகன்வில் பேரை வெச்சாரு, அதனாலதான் இதுக்கு போகன்வில்லான்னு பேரு.

தங்கச்சி, உங்க தொட்டியில இப்ப நிக்கற குச்சியைப் பத்தி. ஒவ்வொண்ணையும் அடியில இருந்து ஒரு அங்குலம் மேல நகத்தால சுரண்டிப் பாருங்க. பட்டை வழுக்கிக்கிட்டு காப்பிக் கலர்ல வந்து நாத்தம் அடிச்சா அது முடிஞ்சுது, தொட்டி மண்ணோட கொட்டிருங்க, அந்த மண்ணுல மறுபடி குச்சி நடாதீங்க. அடி கருத்து மேல பச்சையா இருந்தா கருப்பு போற வரைக்கும் வெட்டித் தள்ளிட்டு, மிச்சம் மூணு கணுவாவது இருந்தா பவுடர் தொட்டு புதுக் கவர்ல நட்டு மூடிருங்க. அடியில இருந்தே பச்சையா இருந்து இலை மட்டும்தான் கருகியிருக்குதுன்னா இலையைக் கிள்ளிட்டு, தொட்டியை அசைக்காம கெழக்கால செவுத்தோரமா கொண்டு போய் வெச்சு மேல ஒரு கவரைக் கவுத்துங்க. தண்ணியை அடுத்த நாலு நாளைக்கு நிறுத்திட்டு விரலை விட்டுப் பாத்து ஊத்துங்க.